ஏற்பி உட்கருவுக்குள் போனதை நிரூபிப்பது எப்படி: ஆய்வகத்தில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

வளர்ச்சிக் காரணி ஏற்பிகள் செல்லின் மேல்சவ்வில் நின்று, வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கி உள்ளே கைமாற்றிவிடும் புரதங்கள் என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். அவற்றில் சில அதோடு நிற்காமல் தாமே கிளம்பி உட்கரு வரை போய்விடுகின்றன. இந்தப் பயணத்தைக் காட்டச் சொல்லி உங்கள் வழிகாட்டி ஒரு தலைப்பைக் கையில் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்காக. செல் வளர்ப்பும் வெஸ்டர்ன் பிளாட்டும் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்தியாவில் ஓர் அரசு நிறுவனத்திலோ பல்கலைக்கழகத்திலோ இருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்கிறேன். இதில் நான் பட்ட பாட்டில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்பியை உட்கருவின் பக்கத்தில் பார்ப்பது மிகச் சுலபம். அது உள்ளேதான் இருக்கிறது என்று பிறர் ஒப்புக்கொள்ளும்படி காட்டுவதுதான் பாடு. உட்கருவில் காணும் ஏற்பி எல்லாம் பிரித்தெடுக்கும்போது ஒட்டிக்கொண்ட அழுக்கு என்று நினைக்கிற அனுபவசாலிகள் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் கட்டுரையை மதிப்பிடப் போகிறவர் அவர்களில் ஒருவர் என்றே எண்ணி வேலையைத் தொடங்குங்கள். காசையும் காலத்தையும் அந்த ஒரு கேள்விக்கே ஒதுக்குங்கள்.

1. எந்த ஏற்பி, எந்தப் பாதை என்று முடிவு செய்யுங்கள்

எல்லா ஏற்பிகளும் ஒரே வழியில் போவதில்லை. பாதை தெரியாமல் ஆண்டிபாடி வாங்கினால் பணம் வீண்.

பெரும்பாலோர் கையில் எடுப்பது ஈஜிஎஃப்ஆர், அதாவது ஈஜிஎஃப் என்னும் வளர்ச்சிக் காரணியின் ஏற்பி. சர்க்கரைச் சங்கிலிகளோடு சேர்த்து ஜெல்லில் 170 கிலோடால்டன் அருகே ஓடும். ஈஜிஎஃப் வந்து ஒட்டியதும் ஏற்பி நிற்கும் சவ்வு உள்வாங்கிக் குமிழாகி எண்டோசோமில் சேர்கிறது. அங்கிருந்து பெரும்பகுதி லைசோசோமுக்குப் போய் அழியும், அல்லது மேற்பரப்புக்கே திரும்பும். ஒரு சிறு பகுதி மட்டும் பின்னோக்கிக் கோல்கிக்கும், கோப்-1 என்னும் புரத உறை பூசிய குமிழ்கள் வழியாக எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துக்கும் போகிறது. இனி அதை ஈ.ஆர். என்றே சொல்கிறேன்.

இங்கேதான் சுவாரசியம். ஈ.ஆரின் சவ்வும் உட்கருவின் வெளிச்சவ்வும் ஒரே தொடர்ச்சி. அந்த வெளிச்சவ்வும் உட்சவ்வும் உட்கருத் துளைகளின் விளிம்பில் ஒன்றாகச் சேர்கின்றன. ஆகவே ஏற்பி சவ்வை விட்டு இறங்காமலே, உட்கருவுக்குள் புரதங்களைக் கொண்டுபோகும் இம்போர்ட்டின் பீட்டாவின் துணையோடு, துளையின் விளிம்பைச் சுற்றி உட்சவ்வுக்கு வந்துவிடலாம். அங்கே செக்61 என்னும் கால்வாய்ப் புரதம் அதைச் சவ்விலிருந்து உருவி உட்கருவுக்குள் விடுகிறது. இது ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் மீன்-சீ ஹங் குழு முன்வைத்த மாதிரி. செக்61 அதை ஈ.ஆரிலேயே உருவி சைட்டோபிளாசத்தில் விடுகிறது, பிறகு அது சாதாரணப் புரதம் போலத் துளை வழியாக நுழைகிறது என்ற கருத்தும் உண்டு. உங்கள் ஆய்வு இந்த இரண்டில் எதைச் சோதிக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இம்போர்ட்டின் பற்றிக்கொள்ளும் குறி, சவ்வை ஒட்டி உட்புறத்தில் 645 முதல் 657 வரையிலான அமினோ அமிலங்களில் இருக்கிறது. ஆர்ஜினின் நிறைந்த துண்டு அது. 8-ஆம் படியில் மறுபடியும் வரும்.

ஈஜிஎஃப்ஆரின் குடும்பத்தைச் சேர்ந்த எர்ப்பி4 வேறு வகை. அதை முதலில் டேஸ் என்னும் நொதி வெளிப்புறத்தில் வெட்டும். பிறகு காமா-செக்ரிடேஸ் சவ்வுக்குள்ளேயே வெட்டும். விடுபடும் 80 கிலோடால்டன் உட்துண்டு உட்கருவுக்குப் போகிறது. எஃப்ஜிஎஃப் என்னும் வளர்ச்சிக் காரணியின் ஏற்பியான எஃப்ஜிஎஃப்ஆர்1 இன்னொரு வகை. அதில் புதிதாகத் தயாராகும் ஏற்பியே மேற்பரப்புக்குப் போகாமல் ஈ.ஆர். சவ்விலிருந்து விடுபட்டு உட்கருவுக்குப் போவதாகச் சொல்கிறார்கள். ஐஜிஎஃப்-1ஆர் உட்கருவில் சேர, அதன்மேல் சூமோ என்னும் சிறு புரதம் ஒட்ட வேண்டும் என்று 2010-இல் காட்டினார்கள்.

என்னைக் கேட்டால், தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தால் எர்ப்பி4-ஐ எடுங்கள். முழு ஏற்பி 180 கிலோடால்டன், உட்கருவுக்குப் போவது 80. அழுக்கு ஒட்டியிருந்தால் 180-இல் பட்டை தெரிந்து உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். ஈஜிஎஃப்ஆரில் அந்த வசதி இல்லை. மேற்பரப்பில் இருப்பதும் உட்கருவில் இருப்பதும் ஒரே அளவு. ஆனால் எர்ப்பி4-இலும் ஒரு பொறி உண்டு. அதன் ஜேஎம்-ஏ வடிவத்தைத்தான் டேஸ் வெட்டும், ஜேஎம்-பி வடிவத்தை வெட்டாது. பிளாஸ்மிடின் வரிசையைச் சரிபார்க்காமல் தொடங்காதீர்கள்.

கையில் விழுந்தது ஈஜிஎஃப்ஆர் என்றே வைத்துக்கொண்டு மேலே போகிறேன். பெரும்பாலும் அதுதான் விழும்.

2. காகிதங்களை முதல் வாரத்திலேயே நகர்த்துங்கள்

செல் வளர்வதற்கு முன்பே கோப்பு நகர வேண்டும். ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கும் காகிதங்கள் இவை.

உயிரியல் பாதுகாப்புக் குழு அனுமதி: பிளாஸ்மிடைச் செல்லுக்குள் செலுத்தப் போகிறீர்கள், லென்டிவைரஸ் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் நிறுவனத்தின் ஐ.பி.எஸ்.சி. குழுவின் ஒப்புதல் வேண்டும். அந்தக் குழு நினைத்தபோதெல்லாம் கூடுவதில்லை. அடுத்த கூட்டத் தேதியை விசாரித்து, அதற்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேரும்படி பாருங்கள். விண்ணப்பத்தில் இன்றைக்குத் தேவையான ஒரு பிளாஸ்மிடை மட்டும் எழுதாமல், குறி மாற்றிய வடிவம், இம்போர்ட்டினைக் குறைக்கும் வடிவம் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுங்கள். திருத்த விண்ணப்பம் என்றால் இன்னொரு கூட்டம் வரை காத்திருக்க நேரும்.

நெறிமுறைக் குழு: நோயாளிகளின் திசுவைத் தொட்டால் இது கட்டாயம். ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். வாங்கிய செல் வரிசைகள் மட்டும் என்றால் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு வழக்கம். வாய்மொழி பதிலோடு நிற்காமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பொருள் பரிமாற்ற ஒப்பந்தம்: ஆட்ஜீன் போன்ற களஞ்சியத்திலிருந்தோ இன்னொரு ஆய்வகத்திலிருந்தோ பிளாஸ்மிட் வாங்கினால் இதில் நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவர் கையெழுத்து வேண்டும். உங்கள் வழிகாட்டியின் கையெழுத்து செல்லாது. பிளாஸ்மிட் வருகிற நேரத்தைவிட இந்தக் கையெழுத்து வருகிற நேரம் நீளும்.

செல் அடையாளச் சான்று: புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் களஞ்சியத்திலிருந்து வாங்குவது நம் ஊரில் வழக்கம். எங்கிருந்து வாங்கினாலும் எஸ்டிஆர் சான்றை, அதாவது செல்லின் டிஎன்ஏ அடையாளச் சான்றை, கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். பக்கத்து ஆய்வகத்து நண்பர் ஒரு குப்பி கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளலாம், சோதனைக்கு அதைப் பயன்படுத்தக்கூடாது. கேபி என்ற பெயரில் பல ஆய்வகங்களில் வளர்ந்த செல்கள் உண்மையில் ஹீலா என்று தெரியவந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். செல் வளர்ப்பில் புகுந்துவிடும் பாக்டீரியாவான மைகோபிளாஸ்மாவுக்கான சோதனையையும் மாதம் ஒருமுறை செய்து தேதியோடு எழுதி வையுங்கள். டிஎன்ஏவை ஒளிரவைக்கும் டிஏபிஐ சாயத்தில் உட்கருவுக்கு வெளியே சிறு புள்ளிகள் மின்னினால் ஏற்பியைப் பற்றி யோசிப்பதற்கு முன் மைகோபிளாஸ்மாவைப் பற்றி யோசியுங்கள்.

3. எதற்கு எவ்வளவு செலவு

இந்த ஆய்வில் பணத்தை விழுங்குவது ஆண்டிபாடி. வெளிநாட்டு நிறுவனத்தின் ஒரு குப்பி, 100 மைக்ரோலிட்டர், இன்று 30,000 ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பது அரிது. குறைந்தது ஆறு வேண்டும்: ஈஜிஎஃப்ஆருக்கு இரண்டு, உட்கருவுக்கு அடையாளமான லாமின், ஈ.ஆருக்கு அடையாளமான கால்னெக்சின், மேல்சவ்வுக்கு அடையாளமான சோடியம்-பொட்டாசியம் ஏடிபியேஸ், சைட்டோபிளாசத்துக்கு அடையாளமான டியூபுலின் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. புதிதாக வருகிறவர்கள் ஈஜிஎஃப்ஆருக்கே பணத்தைக் கொட்டி, மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். கால்னெக்சின் இல்லாத ஒரு படத்தைக்கூட யாரும் ஏற்கமாட்டார்கள்.

ஈஜிஎஃப்ஆருக்கு ஏன் இரண்டு? ஒன்று செல்லுக்கு வெளியே இருக்கும் பகுதியைப் பிடிக்க வேண்டும், மற்றது உள்ளே இருக்கும் வால் பகுதியைப் பிடிக்க வேண்டும். இரண்டும் உட்கருவில் ஒரே இடத்தைக் காட்டினால்தான் முழு ஏற்பி போயிருக்கிறது என்று சொல்ல முடியும். விலைப்பட்டியலில் எந்தப் பகுதிக்கு எதிராக உருவாக்கியது என்பதைப் பார்த்து வாங்குங்கள். அந்தத் தகவலை வெளியிடாத ஆண்டிபாடியை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்காதீர்கள்.

சிக்கனத்துக்கு ஒரு வழி. வெஸ்டர்னுக்கு 1:1000 என்றால் 5 மி.லி. கரைசல் போதும். ஒரு குப்பியில் 20 பிளாட் வரும். மைக்ரோஸ்கோப் வேலையில் கவர்ஸ்லிப்பைப் பாராஃபில்ம் மேல் 50 மைக்ரோலிட்டர் துளியில் கவிழ்த்து வையுங்கள். 1:100 அடர்த்தியில்கூட ஒன்றுக்கு அரை மைக்ரோலிட்டர்தான் செலவாகும். ஈரத்துணி வைத்த டப்பாவுக்குள் மூடி வைக்க மறக்காதீர்கள், ஓரங்கள் காய்ந்தால் அங்கே எல்லாமே ஒளிரும்.

அரசு நிறுவனத்தில் வாங்கும்போது பல இடங்களில் அரசின் கொள்முதல் இணையதளமான ஜெம் தளத்தில் அந்தப் பொருள் இல்லை என்ற அறிக்கை, மூன்று விலைப்புள்ளிகள், ஒரே நிறுவனம் மட்டுமே தயாரிப்பது என்றால் அதற்கான சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள். சான்றில் பொருளின் எண் ஓர் எழுத்து பிசகினாலும் கோப்பு திரும்பி வரும். ஆர்டர் கொடுத்தபின் எட்டு வாரம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், முன்னதாக வந்தால் லாபம். உலர்பனியில் வரும் பொருள் வெள்ளிக்கிழமை மாலை வாசலுக்கு வந்து, திங்கள் வரை காவலர் அறையில் உட்கார்ந்திருக்கும் அனுபவம் எனக்கும் உண்டு, என்னைச் சுற்றியுள்ள எல்லாருக்கும் உண்டு. வாரத்தின் முதல் மூன்று நாளில் மட்டும் அனுப்பச் சொல்லி ஆர்டரிலேயே எழுதுங்கள்.

ஈஜிஎஃப் பெரிய செலவில்லை. 100 மைக்ரோகிராம் வாங்கி, சிறு சிறு பங்குகளாக உறைய வைத்தால் நெடுங்காலம் வரும். ஒரு பங்கை ஒருமுறைதான் உருக்க வேண்டும்.

4. செல்லைத் தயார் செய்யுங்கள்

ஏ431 அல்லது எம்டிஏ-எம்பி-468 செல் வரிசையை எடுங்கள். இரண்டிலும் ஈஜிஎஃப்ஆர் ஏராளம். ஏ431-இல் ஒரு செல்லின் மேற்பரப்பில் பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கும். அந்த ஏராளமே ஆபத்தும்கூட. மேற்பரப்பில் இவ்வளவு இருந்தால் ஒரு துளி ஒட்டிக்கொண்டாலும் உட்கருவில் பெரிய பட்டை தெரியும். ஆகவே ஏற்பி நடுத்தர அளவில் உள்ள ஹீலாவிலும் ஒருமுறை செய்து காட்டுங்கள். ஏற்பியே இல்லாத செல்லும் வேண்டும். சிஎச்ஓ செல்களில் சொந்தமாக ஈஜிஎஃப்ஆர் இல்லை, ஆண்டிபாடி பொய் சொல்கிறதா என்று பார்க்க அது நல்ல துணை.

சீரம் இல்லாத ஊடகத்தில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் காலை தட்டுகளைப் பனிக்கட்டி மேல் வைத்து, குளிர்ந்த ஊடகத்தில் ஈஜிஎஃப் கலந்து ஊற்றுங்கள். பனியில் ஈஜிஎஃப் ஏற்பியோடு ஒட்டும், ஆனால் சவ்வு உள்வாங்காது. அரைமணி நேரம் கழித்துக் கழுவிவிட்டு 37 டிகிரி ஊடகத்தை ஊற்றினால் எல்லா ஏற்பியும் ஒரே நேரத்தில் கிளம்பும். நேராக 37 டிகிரியில் ஊற்றினால் ஒன்று முன்னே ஒன்று பின்னே போய் நேரக் கணக்கே குழம்பிவிடும். 0, 5, 15, 30, 60 நிமிடம் என்று எடுங்கள். உட்கருவில் மாற்றம் தெரியத் தொடங்குவது பொதுவாக 15 நிமிடத்திலிருந்து 30 நிமிடத்துக்குள். 5 நிமிடத்திலேயே உட்கருப் பகுதியில் கனமான பட்டை வந்தால் மகிழ வேண்டாம், 5-ஆம் படியில் சொல்லப்போகும் பிரித்தெடுப்பில் அழுக்கு ஒட்டியதா என்று பாருங்கள்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. 50 முதல் 100 நானோகிராம்/மி.லி. என்றுதான் பல கட்டுரைகளில் பார்ப்பீர்கள். அந்த அளவில் ஏற்பி கிளாத்ரின் என்னும் உறைப்புரதத்தின் வழியோடு கிளாத்ரின் இல்லாத வழியிலும் உள்ளே போகிறது. 1 அல்லது 2 நானோகிராமில் பெரும்பாலும் கிளாத்ரின் வழி மட்டும்தான். இரண்டு அளவிலும் செய்யுங்கள். ஏ431-இல் அதிக ஈஜிஎஃப் நீண்ட நேரம் இருந்தால் செல் வளர்வதற்குப் பதில் தேங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள், இது 60 நிமிடச் சோதனையைப் பாதிக்காது, மறுநாள் வரை விட்டால் பாதிக்கும்.

5. உட்கருவைப் பிரித்தெடுங்கள்

முழு ஆய்வின் தலைவிதி இந்தப் படியில்தான். பலாச்சுளையை எடுக்கும்போது சடையும் கூடவே வருவது போல, உட்கருவை எடுக்கும்போது ஈ.ஆரும் கூடவே வரும். இரண்டும் ஒரே சவ்வின் தொடர்ச்சி என்று முன்பே சொன்னேன். ஏற்பியின் பாதையோ ஈ.ஆர். வழியாகத்தான். அதாவது உங்களைக் குழப்பும் அழுக்கும் நீங்கள் தேடும் பொருளும் ஒரே வழியில் வருகின்றன.

செல்களைக் குளிர்ந்த பிபிஎஸ்ஸில் கழுவிச் சுரண்டி எடுத்து, உப்புக் குறைந்த பஃபரில் 10 முதல் 15 நிமிடம் பனியில் வையுங்கள். ஹெப்பெஸ் 10, பொட்டாசியம் குளோரைடு 10, மெக்னீசியம் குளோரைடு 1.5 மில்லிமோலார், இவற்றோடு புரத அழிப்புத் தடுப்பானும் பாஸ்பட்டேஸ் தடுப்பானும் போதும். செல்கள் ஊதும். பிறகு டவுன்ஸ் ஹோமோஜெனைசரின் இறுக்கமான உலக்கையால் குத்துங்கள். எத்தனை குத்து என்று கட்டுரைகளில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், அது அவர்களுடைய செல்லுக்கும் அவர்களுடைய கைக்கும் உரிய எண். 10 குத்துக்கு ஒருமுறை ஒரு துளி எடுத்து டிரைபன் நீலத்தோடு கலந்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். நீலமான உருண்டையைச் சுற்றி மங்கலான பாவாடை போல ஏதாவது தொங்கினால் இன்னும் வேலை இருக்கிறது. ஓரம் சுத்தமாகவும் வட்டமாகவும் இருக்க வேண்டும். உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி நூல் நூலாக இழுத்தால் உட்கரு உடைந்து டிஎன்ஏ வெளியே வந்துவிட்டது. அந்த மாதிரியைக் கொட்டிவிடுங்கள், அதைக் காப்பாற்ற முயல்வது இரண்டு நாளை வீணாக்கும்.

500 முதல் 1,000 ஜி வரை 5 நிமிடம் சுழற்றினால் உட்கரு அடியில் தங்கும். மேலே நிற்பதை எறியாதீர்கள், அதுவும் ஜெல்லில் ஏற வேண்டும். அடியில் தங்கியதை இரண்டு விதமாகச் சுத்தம் செய்யலாம்.

ஒன்று, அயனியற்ற சோப்புக் கரைசல். 0.1 முதல் 0.5 சதவீதம் என்பி-40 அல்லது டிரைட்டன் போட்டுக் கழுவினால் வெளிச்சவ்வு கழன்றுபோகும். ஈ.ஆர். அழுக்கும் போகும். ஆனால் உட்சவ்வில் தளர்வாக இருக்கும் ஏற்பியும் சேர்ந்து போகலாம். மற்றொன்று, சுமார் 2 மோலார் சுக்ரோஸ் கரைசலின் மேல் ஊற்றி அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றுவது. இதில் சவ்வுத் துண்டுகள் மேலே நின்றுவிடும், உட்கரு அடிக்கு இறங்கும், ஆனால் வெளிச்சவ்வு அதோடு இருக்கும். இரண்டையும் செய்யுங்கள். சோப்பில் கழுவியபின்னும் நிற்கிற ஏற்பி, சவ்வை விட்டு இறங்கிய ஏற்பி என்பதற்கு ஓரளவு சாட்சி. சுக்ரோஸில் மட்டும் தெரிந்து சோப்பில் காணாமல் போவது சவ்விலேயே இருந்தது. இந்த வேறுபாடுதான் 1-ஆம் படியில் சொன்ன பாதையைப் பற்றி ஏதாவது பேச உங்களுக்கு இடம் கொடுக்கும். கடையில் கிடைக்கும் பிரித்தெடுக்கும் கிட் எந்தச் சோப்பை எவ்வளவு வைத்திருக்கிறது என்று சொல்வதில்லை. முதல் முயற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், கட்டுரைக்கு வேண்டாம்.

6. ஜெல்லில் ஏற்றுங்கள்

இங்கே சிறு சிறு பொறிகள்தான், ஆனால் எண்ணிக்கையில் அதிகம்.

ஈஜிஎஃப்ஆருக்கு 7.5 சதவீத ஜெல் வேண்டும். அதே ஜெல்லில் ஹிஸ்டோன் எச்3-ஐப் பார்க்க நினைத்தால் 17 கிலோடால்டன் புரதம் எப்போதோ கீழே ஓடிப் போயிருக்கும். உட்கருவின் அடையாளத்துக்கு லாமின் ஏ/சி போதும். ஹிஸ்டோன்தான் வேண்டும் என்றால் தனி ஜெல் ஓட்டுங்கள்.

எண்டோசோமுக்கு அடையாளமான ஈஈஏ1, ஜெல்லில் ஈஜிஎஃப்ஆருக்கு மிக அருகில் ஓடும். இரண்டையும் ஒரே பிளாட் சவ்வில் ஒரே விலங்கின் ஆண்டிபாடியால் பார்த்தால் எது எது என்று பிரிக்க முடியாது.

எவ்வளவு ஏற்றுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சைட்டோபிளாசம் 20 மைக்ரோகிராம், உட்கரு 20 மைக்ரோகிராம் என்று சமமாக ஏற்றினால், மொத்தப் புரதத்தில் உட்கருவின் பங்கு குறைவு என்பதால், உட்கருவில் உள்ள சிறு ஏற்பி பெரிதாகத் தெரியும். செல் எண்ணிக்கையில் சமமாக ஏற்றிய ஒரு ஜெல்லையும் காட்டுங்கள். அதில் உட்கருப் பட்டை மெலிதாகத்தான் இருக்கும். மெலிதாக இருப்பதே நம்பத் தகுந்தது.

உட்கரு மாதிரி பிசுபிசுவென்று கிணற்றிலிருந்து எழுந்து வந்தால் டிஎன்ஏ உடையவில்லை. சில நொடி சோனிகேட் செய்யுங்கள் அல்லது மெல்லிய ஊசி வழியாகச் சில முறை இழுத்து விடுங்கள்.

பெரிய புரதம் என்பதால் ஜெல்லிலிருந்து பிளாட் சவ்வுக்கு 4 டிகிரியில் இரவு முழுக்க மாற்றினால் மேல்.

7. மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள்

சாதாரண ஒளிர்வு மைக்ரோஸ்கோப்பை நம்பவே வேண்டாம். உட்கருவுக்கு மேலும் கீழும் இருக்கும் சவ்விலிருந்து வரும் ஒளி எல்லாம் உட்கருவின் மேல் விழுந்து, உள்ளே இருப்பது போலவே தெரியும். கன்ஃபோக்கல் வேண்டும். வெளியில் வாடகைக்கு எடுப்பதானால் மணிக்கணக்கில் பணம் கட்ட வேண்டும், ஆகவே கவர்ஸ்லிப்பை முதலில் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நல்ல இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு போங்கள்.

4 சதவீதப் பாராபார்மால்டிஹைடில் 15 நிமிடம் நிலைப்படுத்துங்கள். மெத்தனால் சவ்வைக் கரைத்து ஏற்பியை இடம் மாற்றிவிடும். லாமினை ஒரு நிறத்திலும் ஏற்பியை இன்னொரு நிறத்திலும் சாயமிட்டு, 0.3 மைக்ரோமீட்டர் இடைவெளியில் அடுக்குப் படங்கள் எடுங்கள். பிறகு மென்பொருளில் பக்கவாட்டு வெட்டைத் திறந்து பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது உட்கருவின் நடுவில் மின்னிய புள்ளிகளில் பல, பக்கவாட்டில் பார்த்தால் லாமின் கோட்டுக்கு வெளியே, உட்கருவின் முதுகில் உட்கார்ந்திருக்கும். அப்போது மனம் கொஞ்சம் வாடும். அதன்பின்னும் கோட்டுக்கு உள்ளே மிஞ்சும் புள்ளிகளை மட்டும் எண்ணுங்கள்.

மிஞ்சியவற்றிலும் ஒரு கள்ளம் உண்டு. உட்கருவின் உறை சில இடங்களில் குழாய் போல உள்ளே மடிந்து போகும். அந்தக் குழாய்க்குள் இருக்கும் ஏற்பி, பக்கவாட்டு வெட்டிலும் உள்ளே இருப்பதாகவே தெரியும். புள்ளியைச் சுற்றி லாமின் வளையம் இருக்கிறதா, கால்னெக்சின் அதோடு ஒட்டி வருகிறதா என்று பார்த்தால் பிடிபடும்.

மலிவானதும் வலுவானதுமான சோதனை ஒன்று: டிஜிடோனின். குறைந்த அளவில், மி.லி.க்கு 40 மைக்ரோகிராம் அருகில், அது செல்லின் மேல்சவ்வை மட்டும் துளைக்கும், உட்கரு உறையைத் துளைக்காது. ஒரு கவர்ஸ்லிப்பை டிஜிடோனினிலும் இன்னொன்றை டிரைட்டனிலும் திறந்து, இரண்டிலும் வால் பகுதி ஆண்டிபாடியைப் போடுங்கள். உண்மையாகவே உள்ளே இருக்கும் ஏற்பி டிரைட்டனில் மட்டும் தெரிய வேண்டும், டிஜிடோனினில் மறைய வேண்டும். லாமினும் டிஜிடோனினில் மறைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு கூடிவிட்டது. ஒவ்வொரு செல் வரிசைக்கும் அளவை நீங்களே சரிசெய்துகொள்ள வேண்டும். இந்தச் சோதனைக்கு ஆகும் கூடுதல் செலவு ஒன்றுமே இல்லை எனலாம், அப்படியும் பலர் செய்வதில்லை.

ஜிஎஃப்பி ஒட்டிய ஏற்பியைச் செல்லில் அள்ளிக் கொட்டிப் படம் எடுப்பது அழகாக இருக்கும். ஆனால் அளவுக்கு மீறித் தயாராகும் ஏற்பி ஈ.ஆரில் தேங்கி உட்கருவைச் சுற்றி வளையம் கட்டும். குறைவாக ஒளிரும் செல்களை மட்டும் எடுங்கள்.

8. பாதையை அடைத்துப் பாருங்கள்

உள்ளே இருக்கிறது என்று காட்டியபின், எப்படி வந்தது என்று காட்ட வேண்டும். ஒவ்வொரு வாசலாக அடைப்பதுதான் முறை.

உள்வாங்குவதைத் தடுக்க டைனாசோர் 80 மைக்ரோமோலார். சீரம் இருந்தால் அது சீரத்தோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யாது. கோல்கியிலிருந்து ஈ.ஆர். போகும் வழியைக் குலைக்கப் பிரெஃபெல்டின் ஏ. ஆனால் அது கோல்கியையே கலைத்து ஈ.ஆரோடு சேர்த்துவிடும். அதனால் கிடைத்த விளைவை ஒரு தனி வாசலின் கணக்கில் எழுதாதீர்கள். உட்கருவிலிருந்து புரதம் வெளியேறுவதை நிறுத்த லெப்டோமைசின் பி, 10 முதல் 20 நானோமோலார். உட்கருவில் ஏற்பி கூடினால், அது வந்து போய்க்கொண்டிருந்தது என்று பொருள். லெப்டோமைசின் மைக்ரோகிராம் கணக்கில் விற்கும் விலையுயர்ந்த பொருள். எல்லாச் சோதனையும் தயாரான பிறகு கடைசியில் வாங்குங்கள்.

மருந்துகளைவிட எனக்கு நம்பிக்கை மரபணு வழியில். இம்போர்ட்டின் பீட்டாவை எஸ்ஐஆர்என்ஏ கொண்டு குறைக்கலாம், ஆனால் அது செல் பிரியும்போதும் தேவைப்படும் புரதம். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டால் செல்கள் பிரிய முடியாமல் தவிக்கும், பார்ப்பதெல்லாம் அதன் விளைவாகிவிடும். இன்னும் நல்லது, 645 முதல் 657 வரையுள்ள ஆர்ஜினின்களை மாற்றிய ஏற்பியைச் சிஎச்ஓ செல்லில் வைத்து, மாற்றாததோடு ஒப்பிடுவது. மேற்பரப்பில் இரண்டும் சம அளவில் நிற்கிறதா, ஈஜிஎஃப் பட்டதும் இரண்டும் பாஸ்பேட் ஏறுகிறதா என்று முதலில் காட்டுங்கள். சவ்வை ஒட்டிய அந்தத் துண்டு ஏற்பி இயங்குவதிலும் பங்கெடுக்கிறது. அதை மாற்றியதால் ஏற்பியே முடங்கிவிட்டதா என்று கேள்வி வரும்.

9. உள்ளே போய் என்ன செய்கிறது

முதல் கட்டுரையில் இதற்குள் போக வேண்டாம் என்பது என் யோசனை. ஈஜிஎஃப்ஆருக்கு டிஎன்ஏவை நேரடியாகப் பற்றும் பகுதி இல்லை. மரபணுக்களை இயக்கும் புரதங்களான ஸ்டாட்3, இ2எஃப்1 போன்ற துணைகளோடு சேர்ந்துதான் மரபணுக்களின் முன்பகுதியில் நிற்கிறது. செல் பிரிவுக்குத் தூண்டும் சைக்ளின் டி1 மரபணுவின் முன்பகுதியில் அது இருப்பதை 2001-இல் காட்டினார்கள். டிஎன்ஏ நகலெடுப்பில் உதவும் பிசிஎன்ஏ புரதத்தின் 211-ஆவது டைரோசினில் பாஸ்பேட் ஏற்றுவதும் தெரியும். ஒரு புரதம் டிஎன்ஏவில் எங்கே நிற்கிறது என்று ஆண்டிபாடியால் பிடித்துப் பார்க்கும் சிப் முறையில் ஆண்டிபாடி நிறையச் செலவாகும், ஏற்பி டிஎன்ஏவை நேராகப் பற்றாததால் சமிக்ஞையும் பலவீனமாக இருக்கும்.

10. காலக் கணக்கும் அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டியவையும்

காகிதமும் கொள்முதலும் முடிய மூன்று மாதம். பிரித்தெடுப்பதைச் சுத்தமாகச் செய்யக் கை பழக இன்னொரு மூன்று மாதம். மைக்ரோஸ்கோப் இரண்டு மாதம். வாசல் அடைக்கும் சோதனைகள் ஆறு மாதம். குறி மாற்றிய பிளாஸ்மிடை முதல் மாதத்திலேயே செய்யத் தொடங்கிவிடுங்கள், அது பின்னணியில் நடக்கட்டும். ஆண்டு ஆய்வுக் கூட்டத்தில் வழிகாட்டிக் குழுவிடம் இந்தக் கணக்கை எழுத்தில் வையுங்கள். முதல் ஆண்டில் படம் எங்கே என்று கேட்பவர்களுக்கு அதுவே பதில்.

ஒவ்வொரு பிரித்தெடுப்பிலும் சைட்டோபிளாசம், சவ்வு, உட்கரு ஆகிய மூன்று பகுதியிலும் ஒரு பங்கை -80 டிகிரியில் தேதியோடு சேமியுங்கள். மதிப்பிடுகிறவர் கோல்கிக்கு அடையாளமான ஜிஎம்130-ஐயும் காட்டு என்று கேட்பார். மாதிரி இருந்தால் இரண்டு நாள் வேலை, இல்லாவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். வெட்டாத முழு பிளாட் படங்களையும், கன்ஃபோக்கலின் மூலக் கோப்புகளையும் சுருக்காமல் இரண்டு இடத்தில் வையுங்கள். பெரும்பாலான இதழ்கள் முழு பிளாட்டைக் கேட்கின்றன. ஆண்டிபாடியின் எண்ணோடு லாட் எண்ணையும் குறிப்பேட்டில் எழுதுங்கள், அடுத்த குப்பி வேறு லாட்டிலிருந்து வரும்போது பட்டை மாறினால் காரணம் தேட உதவும். புதிய லாட் வந்தவுடன் முதலில் சிஎச்ஓ செல்லில் ஒருமுறை ஓட்டிவிட்டுப் பிறகு மற்றதைத் தொடுங்கள்.